மூன்று தரம் கூப்பிட்டவர்

அவர் கூப்பிட்டு, எனக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கில் நான் ஒருமுறை ஆஜராகியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்ட புதிது. வக்கீல் ஒருவருக்குப் பிரதி கொடுக்கப் போய் வராந்தாவில் நின்றிருந்தேன். வெள்ளை உடுப்பும், குறுக்கே சிவப்புப் பட்டையும், பித்தளை வில்லையுமாக ஒருவர் வாசலுக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "முத்துலட்சுமீ... முத்துலட்சுமீ... முத்துலட்சுமீ..." என்றார். என் பெயரும் அதுதான். கால் அதுபாட்டுக்கு உள்ளே போய்விட்டது. கூண்டில் ஏறி நின்றபிறகுதான் புத்தி வந்து சேர்ந்தது.

ஜட்ஜ் ஐயா காகிதத்தைப் பார்த்தபடியே, "பக்கத்து வீட்டம்மாவைக் குடத்தால அடிச்சது உண்மையா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா, நான் ஜெராக்ஸ்" என்றேன். கோர்ட்டே சிரித்தது. அடித்த முத்துலட்சுமி அந்த நேரம் வெளியே பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

சாயங்காலம் அந்த ஆள் கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்தேன். அந்தப் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. "குத்தம் பண்ணவ வரல, பண்ணாத நீ வந்துட்ட. கூப்பிட்டா வரணும் தாயி. நீ வந்த. ஒன்ன மறக்க மாட்டேன்" என்று ஏதோ பதக்கம் கொடுத்தாற்போல் சொல்லிவிட்டுப் போனார்.

அவரை ஊரில் எல்லாரும் டவாலி என்பார்கள். கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் நடப்பதும், வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதும் டவாலியின் வேலை. ஊரிலுள்ளவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதரை, அவர் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. எனக்கு அவர் அண்ணாச்சி, அவர் மனைவி எனக்கு மதினி. ராஜபாளையத்தில் நான் அப்போதுதான் குடிவந்திருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவர்கள் வீடு என்பதே பிறகுதான் தெரிந்தது. அதன்பின் தினமும் காலை ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார யாரும் ஆசைப்பட மாட்டார்கள். பேசினால் நாலு சீட்டுக்குக் கேட்கும். தூங்குகிற கண்டக்டரை அவர் எழுப்பிய விதத்தில் ஒரு தடவை டிரைவர் பிரேக் போட்டார்.

உலகத்தை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: கூப்பிட்டால் வருகிறவர்கள், வராதவர்கள். வேறு சாதி, மதம், கட்சி எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. நகராட்சித் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு அவர்தான் சங்கு. வாசலில் நின்று வீடு வீடாகப் பெயர் சொல்லி, மூன்று மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாவதற்கும் குடத்தோடு வராத வீட்டை "எக்ஸ்பார்ட்டி!" என்று, வராத கட்சியைக் கோர்ட்டில் தள்ளுகிற வார்த்தையால் அறிவித்துவிட்டு, அந்த முறையில் தன் குடத்தை வைத்துவிடுவார். இதனால் அவர் வீட்டுத் தொட்டி வறண்டதே இல்லை.

அவர்கள் கிறிஸ்தவர்கள்; சர்ச்சைக் கோயில் என்பார்கள், பாதிரியாரை ஐயர் என்பார்கள். கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கிறவருக்கு உடம்பு சரியில்லை என்று இவரிடம் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. இவர் அந்த ஓலையை எடுத்து, மூன்று தரத்தையும் அன்றைக்கே ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டார். முடித்ததோடு விடாமல், "ஆட்சேபணை யாரும் ஆஜராகல" என்றும் சேர்த்துச் சொன்னார். இனி ஓலை பாக்கியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரமே கல்யாணத்தை வைக்கச் சொல்ல, பெண் வீட்டார் இன்னும் பாத்திரமே வாங்கவில்லை என்று சண்டைக்கு வர, ஐயர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவில் இதை நாலு வருஷம் சொல்லிச் சிரித்தோம். அவருக்கு மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவே இல்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மகன், கூப்பிட்டால் வரமுடியாத தூரத்தில் இருந்தான். பெயர் ஜெயசிங். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு பெண்பிள்ளை. போய் ஏழு வருஷம் ஆகியும் ஒரு தடவை ஊருக்கு வரவில்லை. கெட்ட பிள்ளை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாசம் தவறாமல் பணம் வரும், மருந்துக்கு ஆன்லைனில் ஆர்டர் வரும், அம்மா பிறந்தநாளுக்குக் கேக்கோடு ஒரு பையன் வந்து நிற்பான். இவர் அந்தக் கேக் பையனை வாசலிலேயே நிறுத்தி, "நீ ஏம்ல வந்த? அனுப்பினவன் எங்க?" என்று குறுக்கு விசாரணை செய்வார். பையன் ஓடிப்போவான்.

மகன் தீபாவளிக்கு வருகிறேன் என்பான். பிறகு கிறிஸ்துமஸ் என்பான். பிறகு பிள்ளைக்குப் பள்ளிக்கூட லீவு என்பான். ஒவ்வொன்றையும் இவர் "வாய்தா" என்று காலண்டரில் எழுதி வைப்பார். காரணம் இல்லாமல் இல்லை. வேலை விசாவில் இருக்கிறவன் ஊருக்கு வந்தால், திரும்பிப் போகப் பாஸ்போர்ட்டில் புது விசா குத்த வேண்டும். குத்த மாட்டோம் என்று தூதரகத்தில் சொல்லிவிட்டால் வீடு, வேலை, பிள்ளை எல்லாம் அங்கே, இவன் இங்கே. தினமும் நாலு பேருக்கு விண்ணப்பம் போடுகிறவள் நான். எனக்கு அது புரிந்தது. அண்ணாச்சிக்கும் புரிந்திருக்கும். ஆனால் ஒப்புக்கொள்வாரா?

"கொலை கேஸ்ல ஜாமீன்ல போனவன்கூட வாய்தாவுக்கு வருதான். இவன் என்ன குத்தம் பண்ணான், வரமுடியாம கெடக்க?" என்பார்.

என் மகன் சென்னையில்தான் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான். மூன்று நாளும் கட்டிலில் கிடந்து போனைப் பார்ப்பான், நாலாம் நாள் பஸ் ஏறுவான். அண்ணாச்சி சட்டப்படி அது ஆஜர்தான். அதனால் என்னைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் வீடியோ போன் வரும். அந்தக் கூத்தைத் தெருவே ரசிக்கும். மகன் முகம் தெரிந்த பிறகும் இவர் போனைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "ஜெயசிங்... ஜெயசிங்... ஜெயசிங்..." என்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

"அப்பா, கேக்குதுப்பா. முன்னாடிதான இருக்கேன்."

"முன்னாடி எங்கல இருக்க? அங்கல்ல இருக்க."

பிறகு சாப்பிட்டாயா, குளிரா, பிள்ளை என்ன செய்கிறது என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு மதினியிடம் போனைக் கொடுத்துவிடுவார். மதினி அதை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் திரையைத் துடைப்பார். மகன் முகத்தில் அழுக்கு இருக்கிறதாம்.

மதினிக்கு மறதி வந்தது முதலில் உப்பில்தான் தெரிந்தது. குழம்புக்கு இரண்டு தரம் உப்பு, சில நாள் மூன்று தரம். "நீங்க மூணு தரம் கூப்பிடுதீங்க, மதினி மூணு தரம் உப்புப் போடுதாக" என்று நான் கேலி பேசினேன். அப்படிப் பேசிய வாயை இப்போது நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்து கேஸ் அடுப்பை அணைக்க மறந்தார். அடுத்து மம்சாபுரத்தில் இருந்து பார்க்க வந்த சொந்தத் தங்கச்சியை, "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். மதுரையில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், நானும் போயிருந்தேன். இதைக் குணப்படுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும் என்றார் டாக்டர். முகங்கள் ஒவ்வொன்றாகப் போகும், தினமும் கிட்டத்தில் பார்க்கிற முகம் கடைசியில் போகும் என்றார்.

"அப்ப பாக்காத மொகம்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரே குறிதான். மதினிக்கு மகன் முகம் மறந்துபோவதற்குள் அவனை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அதற்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லி மாவு கொடுக்கப் போயிருந்தேன். வழக்கம்போல் போன் வந்தது, மூன்று தரம் கூப்பிட்டாயிற்று, போன் மதினி மடிக்குப் போனது. மகன், "அம்மா, எப்படிம்மா இருக்கீங்க? கால் வலி இருக்கா?" என்று பேசிக்கொண்டே இருந்தான். மதினி கவனமாகக் கேட்டார். முந்தானையால் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி பக்கம் திரும்பி, "நியூஸ் முடிஞ்சிருச்சுன்னா அணைச்சிருங்க. கரண்டு வீணாப் போகுது" என்றார்.

அவர் போனை வாங்கி அணைத்தார். மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே அணைத்தார். நான் மாவுப் பாத்திரத்தைக் கூட வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். ரிட்டையர் ஆனபிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதில்லை. அன்றைக்குத் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை.

"ஒரு மனு அடிக்கணும் தாயி."

"யாருமேல அண்ணாச்சி?"

"எம் மகன்மேல."

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள்மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. என் கடையில் மாசத்துக்கு இரண்டு வரும். எல்லாம் அழுகையும் சாபமுமாக இருக்கும். அந்தப் படிவத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, "மாசம் ஜீவனாம்சம் எம்புட்டுன்னு போட?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம்."

"பொறவு என்ன கேக்கீங்க?"

"ஆளு. நேர்ல ஆஜராகணும்னு போடு. ஆஜராக உத்தரவு போட்டா எந்த விசாக்காரன் தடுப்பான்? கோர்ட்டு கூப்பிட்டா கவர்னரே வரணும்."

முப்பது வருஷம் கோர்ட்டு வாசலில் நின்ற மனிதர் இவ்வளவு அப்பாவியாக இருக்க முடியுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை போல. வாசலில் கூப்பிடுவதோடு அவருக்கு வழக்கு முடிந்துவிட்டது. வக்கீலைக் கேளுங்கள், இதெல்லாம் நிற்காது என்றேன். "நீ அடி" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். என் தொழிலில் அப்படியொரு மனுவை நான் அடித்ததில்லை. "எதிர்மனுதாரர் மிகவும் நல்லவர்" என்று ஆரம்பித்தது. எதிர்மனுதாரர் மாதாமாதம் பணம் அனுப்புகிறார், தாயாரின் மருந்துக்குக் குறை வைத்ததில்லை, சிறுவயதிலிருந்து பொய் சொன்னதில்லை, ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியிருக்கிறார்.

"ஓட்டப்பந்தயம் எதுக்கு அண்ணாச்சி? நீங்க அவன்மேல புகார் குடுக்கீங்க."

"புகார் குடுத்தா என்ன? நாளைக்கு அதிகாரி என்ன நெனைப்பாக, கெட்ட பயன்னு நெனைக்கப்படாதுல்லா? போடு."

போட்டேன். கடைசியில் ஒரே ஒரு வரி: 'மேற்படியார் தாயாருக்கு அவரை அடையாளம் தெரிகிற காலத்துக்குள் நேரில் வரும்படி உத்தரவிட வேண்டுகிறேன்.' அந்த வரியை அடிக்கையில் என் விரல் இரண்டு தடவை தப்பியது. அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

தெருவில் விஷயம் பரவியது. காசு அனுப்புகிற பிள்ளையைக் கேஸில் இழுத்த கிழவன் என்றார்கள். தன் பிள்ளை பணமே அனுப்பாத ஒருவர்தான் அதிகம் கொதித்தார். நோட்டீஸ் ஜெயசிங்குக்கு மெயிலில் போனது. அன்றைக்கே எனக்குப் போன் வந்தது.

"அத்தை, நீங்கதான் டைப் பண்ணீங்களா?"

"ஆமாய்யா. எங்கடையில யாரு என்ன கேட்டாலும் அடிச்சுக் குடுப்பேன்."

"எம் பேருல கேஸ்னு ஒண்ணு இருந்தா இங்க என்னாகும்னு தெரியுமா அத்தை? அப்பாகிட்ட சொல்லி வாபஸ் வாங்கச் சொல்லுங்க. நான் வரமாட்டேன்னா சொல்லுதேன்?" அது கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "அவனுக்கு இடைஞ்சல் வந்துருமோ?" என்றார். உடனே சமாளித்துக்கொண்டு, "வாபஸ் வேணும்னா நேர்ல வந்து கேக்கச் சொல்லு" என்றார். திமிர் என்றால் அப்படியொரு திமிர்.

விசாரணை நாள் வந்தது. மதினியைத் தனியே விட்டுப் போக முடியாது. மூன்று பேருமாகக் கார் பிடித்துக் கோட்டாட்சியர் ஆபீஸுக்குப் போனோம். மதினி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "கல்யாண வீட்டுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அங்கே பெயர் கூப்பிட ஒரு உதவியாளர் இருந்தார். கையில் டீயை வைத்துக்கொண்டு, எங்கள் மனுவின் பெயரை வாய்க்குள்ளேயே ஒரு தரம் முணுமுணுத்தார். அண்ணாச்சி உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். "இதென்ன கூப்பிடுதான்? மதுரை வரைக்கும்கூடக் கேக்காது" என்றார். நான் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, எழுந்து கதவடியில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஜெயசிங்... ஜெயசிங்... ஜெயசிங்..."

அந்தக் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். உதவியாளர் டீயைக் கொட்டிக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மதினி என் கையைத் தட்டி, காதோடு கேட்டார்: "யாரு பிள்ளையைத் தேடுதாக? வரலையோ? பாவம்."

உள்ளே போனோம். இளவயது அதிகாரி அம்மா, மரியாதையாகப் பேசினார். மேஜைமேல் ஒரு லேப்டாப். அதில் கோட்டும் டையுமாக ஜெயசிங் உட்கார்ந்திருந்தான். அங்கே நடுச்சாமமாம், கண் சிவந்திருந்தது.

"எதிர்மனுதாரர் காணொலியில ஆஜராகியிருக்கார்" என்றார் அதிகாரி.

"அம்மா, இது ஆஜர் இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. "நானும் முப்பது வருசம் ஆஜர் பாத்தவன். கூண்டுல ஏறி நிக்கணும். தொட்டுப் பாக்கணும்."

"இப்ப சட்டப்படி இதுவும் ஆஜர்தான் பெரியவரே. மாசம் எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, நான் உத்தரவு போடுறேன்."

"பணம் வேண்டாம். ஆளு வேணும்."

அதிகாரி மனுவைப் புரட்டினார். ஓட்டப்பந்தயத்தில் கொஞ்சம் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார்: "ஆளுக்கு இந்தச் சட்டத்துல இடமில்லைய்யா. சாப்பாடு, துணி, இருக்க இடம், வைத்தியம், அவ்வளவுதான். அதையெல்லாம் அவர் செய்யுறார்னு நீங்களே எழுதியிருக்கீங்க." கடைசி வரியை அப்போதுதான் வாசித்தார் போல. லேப்டாப்பை மெல்ல மதினி பக்கம் திருப்பினார். "அம்மா, இது யாருன்னு தெரியுதா?"

மதினி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். பெரிய இடத்து மனிதரைப் பார்க்கிற பணிவோடு லேப்டாப்பைப் பார்த்துக் கைகூப்பி, "ஸ்தோத்திரம்யா. நல்லாருக்கீங்களா?" என்றார்.

திரையில் ஜெயசிங் வாயைத் திறந்தான். பிறகு அவன் முகம் போய், அந்த இடத்தில் அவன் பெயரின் முதல் எழுத்து மட்டும் நின்றது. கேமராவை அணைத்துவிட்டான். மனு முடித்துவைக்கப்பட்டது.

சட்டம் கொண்டுவராத ஆளை அந்த ஸ்தோத்திரம் கொண்டுவந்தது. இரண்டு மாசத்தில், விசா கிடைத்தால் கிடைக்கட்டும் என்று, மனைவி பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வந்து இறங்கினான். பதினோரு நாள். அண்ணாச்சி தெருவெல்லாம் கேட்க, "நம்ம மனுவுக்கு வந்துட்டான் பாத்தியா!" என்றார். மனு ஒன்றும் கிடைக்காமல் முடிந்ததை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. மகனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மதினி முன்னால் நிறுத்தி, "ஜெயசிங் ஆஜர்!" என்று அறிவித்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார் மதினி. "காப்பி குடிக்கீங்களா?"

அண்ணாச்சி தளரவில்லை. நாள் ஆக ஆகத் தெரியும் என்றார். தினமும் காலையில் அந்த அறிவிப்பைச் செய்தார். மகனோ, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய அவசரத்தோடு வீட்டைச் சரிபண்ண இறங்கினான். குளியலறையில் பிடிமானக் கம்பி, புது வாஷிங் மெஷின், கூடத்தில் அங்கிருந்தே பார்க்க ஒரு கேமரா. விசா குத்தச் சென்னைக்குப் போனதில் நான்கு நாள் காணாமல் போனது. குத்திவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் அண்ணாச்சி சும்மா தலையாட்டினார். குத்தாமல் இருந்திருக்கலாமே என்று நான் உள்ளுக்குள் நினைத்தேன். பாவிதான் நான்.

கடைசி நாள் சாயங்காலம் அவனுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். ஐந்து மணிக்கு மதுரைக்குக் கார் சொல்லியிருந்தார்கள். பெட்டிகள் கூடத்தில் தயாராக நின்றன. மதினி நாற்காலியில். ஜெயசிங் கீழே உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்தில் அவன் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று எனக்குப் பட்டது. அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார்.

மதினி அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல தெளிச்சி.

"நல்ல பிள்ளையா இருக்க. ஒங்க அம்மா எங்க இருக்காக தம்பி?"

ஜெயசிங் நகவெட்டியை நிறுத்தினான். அப்பாவைப் பார்த்தான்.

"இந்த ஊருதாம்மா. ராஜபாளையந்தான்."

"இங்கனதானா! போய்ப் பாத்தியா?"

அவன் தரையில் விழுந்த நகத்துணுக்குகளைப் பொறுக்கினான்.

"பாக்கலையா?" மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "எனக்கென்ன, எனக்கு இவிய இருக்காக. பெத்தவ அங்க தனியாக் கெடப்பா, நீ இங்க ஒக்காந்து எனக்கு நகம் வெட்டுத. நல்லாருக்கா இது? போ. போய் ஒரு எட்டு பாத்துட்டு வா."

"ஏட்டி, அவன்தான்..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். ஜெயசிங் அவர் முழங்காலில் கைவைத்து நிறுத்தினான்.

"சரிம்மா. பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போனான். ஜன்னல் வழியே எனக்கு அவன் முதுகு தெரிந்தது. தெருவைப் பார்த்து நின்றான். ஒரு தரம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். எதிர் வீட்டுக்காரர், "கெளம்பியாச்சா?" என்று கேட்டதற்கு ஏதோ சொன்னான். செத்த நேரம் கழித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேம்மா."

"நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காகம்மா."

"ஒன்னக் கண்டதும் சந்தோசப்பட்டிருப்பாகளே. என்ன சொன்னாக?"

ஜெயசிங் குனிந்து பெட்டியின் பூட்டைத் திருகினான். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பதில் அண்ணாச்சியிடமிருந்து வந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயான்னு சொன்னாளாம்."

"பின்ன என்ன?" என்றார் மதினி. "பெத்தவ சொல்லத் தட்டலாமா? இருய்யா." நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு, மற்றக் காலை நீட்டினார்.

அவன் கீழே உட்கார்ந்து அந்தப் பாதத்தை எடுத்து மடியில் வைத்தான். கார் வந்து வெளியே நின்றது. டிரைவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மிச்சம் இருந்த ஐந்து விரலுக்கும் நகம் வெட்டி முடித்துவிட்டு அவன் போனான்.